கண்ணும் எண்ணும்: சர் சி. வி. இராமனின் அறிவியல் வாழ்வு

ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே நின்று தென்திசை நோக்குவோர்க்குப் பழனி மலைத்தொடர் அடுக்கடுக்காய் எழுந்து நிற்பது தெரியும். அண்மைக் குன்றுகள் பச்சையாகவும், அவற்றின் பின்னுள்ளவை கருநீலமாகவும், கோடைக்கானலை நோக்கி உயரும் தொலைமுகடுகள் வானத்தோடு கலந்துவிட்ட இளநீலமாகவும் தோன்றும். அம்முகடுகளில் உள்ள மரங்களும் பச்சை மரங்களே. மலைக்கும் நம் கண்ணுக்கும் இடையே நிற்கும் காற்றே கதிரவனின் ஒளியைச் சிதறச் செய்து நீலத் திரையொன்றை விரிக்கிறது. வானத்தையும் மலைகளையும் நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மாந்தரைப் பன்முறை பணிக்கிறது. நோக்குவோர் பலர், நோக்கியபின் வினவுவோர் சிலரே. அச்சிலருள் தலையாய தமிழர் ஒருவரின் வாழ்வை ஈண்டு எழுதப் புகுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் இயற்பியலார் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். 1987ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாளில் மாணவர் பேசும் பேச்சுகளைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியர்க்கே வந்து சேர்கிறது. அப்பேச்சுகளில் எல்லாம் ஒரே கதைதான். இராமன் கப்பலில் சென்றார். கடலின் நீலத்தைக் கண்டார். நோபல் பரிசு பெற்றார். கடலைக் கண்டது 1921. கண்டுபிடிப்பு நிகழ்ந்தது 1928. இடைப்பட்ட ஏழாண்டுகள் எங்கே போயின? பரிசுக்குப் பின் அவர் வாழ்ந்த நாற்பதாண்டுகள் எங்கே? கண்ணால் கண்டதற்கும் கணக்கால் கண்டதற்கும் இடையே அவர் வாழ்வு முழுதும் நடந்த வழக்கு அந்த ஆண்டுகளில்தான் அடங்கியிருக்கிறது. அதனை விட்டுவிட்டுச் சொல்லப்படும் இராமன் கதை பாதிக் கதையே.

சந்திரசேகர வேங்கடராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிப்பதிலும் விருப்பம் மிக்கவர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணியேற்றமையால் இராமனின் பள்ளிப்பருவம் அக்கடற்கரை நகரில் கழிந்தது. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ. பட்டத்தைத் தங்கப்பதக்கத்தோடு பெற்றார். தம்மை உருவாக்கிய நூல்கள் மூன்று என அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டதுண்டு. அவற்றுள் ஒன்று யூக்ளிடின் வடிவியல். மற்றொன்று இசையொலியைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய பெருநூல். இன்னொன்று புத்தர்பிரானின் வரலாற்றைப் பாடும் ஆங்கிலக் காவியம். எண்ணும் இசையும் அருளும் ஒருங்கே அமைந்த இப்பட்டியல் நமக்கு வியப்பளிக்கிறது. கணிதத்தைப் பழித்தவர் இராமன் எனக் கருதுவோர் யூக்ளிட் அங்கே முன்னிற்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை 1906இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அப்போது வயது 18. முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது வகுப்பில் எல்லா மாணவரும் செய்யும் சோதனை. சாய்வாக ஒளி படும்போது தோன்றிய பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் இருந்ததை இராமன் கவனித்தார். பயிற்சிக் குறிப்பேட்டில் கேட்கப்படாத ஒன்றைக் கண்டமையே அவருடைய முதல் வெற்றி எனலாம்.

அக்காலத்தில் இந்தியர்க்கு அறிவியலில் பிழைப்பில்லை. 1907இல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, லோகசுந்தரியை மணந்து, துணைக் கணக்காயராகக் கல்கத்தா சென்றார். பவுபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. அலுவலகம் செல்லுமுன்னும் மீண்டபின்னும் அங்கே ஆய்வு செய்தார். பகலெல்லாம் அரசின் கணக்கு, இரவெல்லாம் இயற்கையின் கணக்கு எனப் பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஆசுதோஷ் முகர்ஜி அளித்தபோது, ஏறத்தாழப் பாதி ஊதியத்துக்கு உடன்பட்டு அரசுப்பணியைத் துறந்தார்.

கல்கத்தாவின் தொடக்க ஆண்டுகளில் அவரை ஆட்கொண்டது இசைக்கருவிகளின் ஒலி. இங்குச் சற்றே நின்று செல்ல விழைகிறோம். கண்ணும் எண்ணும் எவ்வாறு இணைகின்றன என்பதற்கு நம் மிருதங்கத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. எங்கும் ஒரே சீரான தோலை வட்டச் சட்டத்தில் இழுத்துக்கட்டி அடித்தால் எழும் ஒலிகளைக் கணிதம் முன்னரே வகுத்துவிட்டது. அடிப்படை அதிர்வை 1 எனக் கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என அமையும். 2, 3, 4 என முழு எண்களாக அமைந்தாலன்றி ஒலி இனிமை பெறாது. ஆகவே, தோற்கருவியில் இசையொலி பிறவாது என்பது கணிதம் தந்த தீர்ப்பு. இராமனின் செவியோ மிருதங்கத்தில் சுருதியைக் கேட்டது. தீர்ப்புக்கும் செவிக்கும் முரண் ஏன்? தோலின் நடுவில் இடப்படும் கருநிறக் கரணையை அவர் ஆராய்ந்தார். கிட்டக்கல் பொடியும் சோறும் குழைத்துப் படிப்படியாக அப்பப்படும் அக்கரணை தோலின் எடையை நடுவில் மிகுத்து விளிம்பை நோக்கிக் குறைக்கிறது. அதனால் சிதறிக் கிடந்த ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து முழு எண் தொகுதிகளாக ஒன்றுசேர்ந்து விடுகின்றன. அதிரும் தோலின்மீது மணல் தூவி, மணல் ஒதுங்கும் கோடுகளால் இதனை மெய்ப்பித்தார். கணிதம் பிழைபட்டதில்லை, சீரான தோல் என்ற அதன் எடுகோள்தான் மிருதங்கத்துக்குப் பொருந்தவில்லை. பெயர் அறியப்படாத கருவிக் கைவினைஞர் எண் எழுதாமலே செய்துவைத்த திருத்தத்தை எண்ணால் எழுதிக் காட்டியவர் இராமன்.

1921இல் பல்கலைக்கழக மாநாட்டின் பொருட்டு இங்கிலாந்து சென்றார். திரும்பி வருகையில் நர்குண்டா என்னும் கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். கடல் நீலமாவது வானம் அதிற் பிரதிபலிப்பதால் என்று ராலே பெருமகனார் கூறியிருந்தார். ராலே அக்கால இயற்பியலின் பெருந்தூண். வானின் நீலத்துக்குக் கணித விளக்கம் தந்தவரே அவர்தாம். ஒளியின் அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும் என்பது அவர் விதி. செவ்வொளியைவிட ஊதா ஒளி ஏறத்தாழ ஒன்பது மடங்கு மிகுதியாகச் சிதறுவதும், ஆயக்குடியிலிருந்து காணும் மலைகள் நீலமாவதும் அவ்விதியினாலேயே. அத்தகையவர் கூற்றை இராமன் ஐயுற்றார். சட்டைப்பையில் இருந்த நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்துக் கடற்பரப்பில் பிரதிபலித்த ஒளியை விலக்கிப் பார்த்தார். வானத்தின் ஒளி நீங்கியபின் நீலம் குறைந்தபாடில்லை. முன்னினும் ஆழமாக விளங்கியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று உணர்ந்தார். பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும்போதே இலண்டன் இதழுக்கு மடல் எழுதி முடிந்திருந்தது.

மாணவர் சொல்லும் கதை இங்கே நின்றுவிடுகிறது. அறிவியலோ இங்கேதான் தொடங்குகிறது. நீரில் எவ்வளவு ஒளி சிதற வேண்டும் என்பதற்கு ஸ்மொலுகோவ்ஸ்கியும் ஐன்ஸ்டைனும் வகுத்த கணிதம் இருந்தது; நீரின் அடர்த்தி நுண்ணிடங்களில் இடைவிடாது ஏறியிறங்குவதை வைத்து எழுந்தது அது. இராமன் அக்கணிதத்தை எடுத்துக் கொண்டு, சோதனைச்சாலையில் அளந்து, இரண்டும் பொருந்துவதைக் காட்டினார். பட்டகம் ராலேயின் கூற்றை மறுத்தது. மறுப்பை நிலைநாட்டியது எண்.

1923இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் தூயநீரில் சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மெல்லொளி ஒன்றும் கலந்திருப்பதைக் கண்டார். மாசினால் எழும் ஒளிர்வு என ஐயுற்று நீரை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. பிறர் இதனைச் சிறு குறையெனக் கைவிட்டிருப்பர். இராமன் கைவிடவில்லை. 1925இல் கே. எஸ். கிருஷ்ணனும் அதனை ஆராய்ந்தார். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் பயின்ற கிருஷ்ணன் தமிழிலக்கியத்தில் தோய்ந்தவர். கணித இயற்பியலிலும் சோதனையிலும் ஒருங்கே வல்லவர். நம் துறையினர் இவரை மறத்தல் தகாது. 1927இன் இறுதியில் வேங்கடேசுவரன் என்னும் மாணவர் தூய கிளிசரினில் சிதறிய கதிரொளி நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதையும், அவ்வொளி ஒரு தளத்தில் முனைப்பட்டிருப்பதையும் கண்டார். ஒளிர்வு எனில் அவ்வாறு முனைப்படாது. ஆகவே இது வேறு.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு வழியில் சிலர் வந்துகொண்டிருந்தனர். ஒளி மூலக்கூறில் மோதிச் சிதறும்போது தன் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதனை 1923இல் ஸ்மேக்கல் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கணக்கிட்டு எழுதினார். 1925இல் கிராமர்சும் ஐசன்பர்க்கும் அக்கணக்கை விரித்தனர். எண் அங்கே தாளின்மேல் இருந்தது, கண்டவர் எவருமிலர். கல்கத்தாவில் கண்ணெதிரே மெல்லொளி இருந்தது. அதன் பெயர்தான் தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அலைநீளம் மாறுவதைக் கண்ட காம்ப்டனுக்கு 1927இல் நோபல் பரிசு கிட்டியபோது, கட்புலனாகும் ஒளியிலும் அத்தகையதொரு விளைவு இருத்தல் வேண்டும் என்று இராமன் துணிந்தார்.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணனும் அவரும் இருட்டறையில் கண்ணைப் பழக்கி அமர்ந்தனர். தொலைநோக்கியின் வில்லையால் கதிரொளியைக் குவித்து, ஊதா வடிகட்டி வழியே நீர்மத்தினுள் செலுத்தினர். வெளிவரும் ஒளியின் எதிரே, ஊதாவை முற்றும் தடுக்கும் பசுமஞ்சள் வடிகட்டியை வைத்தனர். இருள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒளித்தடம் தெரிந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைமானி வழியே நோக்கியபோது, மூல ஒளியினின்று விலகிய புதிய நிறம் தனித்து நின்றது. பின்னர்ப் பாதரச விளக்கின் கூர்மையான ஒளியைப் பயன்படுத்தியபோது அது தெளிந்த கோடுகளாகப் பிரிந்தது. சிதறும் ஒளித்துகள் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றே இவ்வாறு நிறம் மாறுகிறது. கோடியில் ஒன்றைக் கண்ட கண் அது! மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் ஏறத்தாழ அதே நாள்களில் படிகத்தில் இவ்விளைவைக் கண்டிருந்தனர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். முதலில் அச்சில் வெளியிட்டவர் இராமன். 1930இன் நோபல் பரிசு அவருக்கு வந்தது.

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அங்கே நாகேந்திர நாத் என்னும் கணிதம் வல்ல இளைஞரோடு சேர்ந்து 1935, 1936 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளே இரு நெறிகளும் மிக அழகாகக் கைகோத்த இடம் என்பது நமது துணிபு. மீயொலி செல்லும் நீர்மத்தின் ஊடே ஒளியைச் செலுத்தினால் அது பல கிளைகளாகப் பிரிவதை 1932இல் மேலைநாட்டார் கண்டனர். ஏனென்று விளக்க முடியவில்லை. இராமனின் உள்ளத்தில் ஒரு காட்சி எழுந்தது. ஒலியலை நீர்மத்தை நெருக்கியும் நெகிழ்த்தியும் செல்கிறது. நெருங்கிய இடத்தில் ஒளி பின்தங்குகிறது. நெகிழ்ந்த இடத்தில் முந்துகிறது. தட்டையாக நுழைந்த ஒளியலை, நெளிவுத் தகரம் போல வளைந்து வெளிவருகிறது. அவ்வளவே. காட்சி கிடைத்தபின் நாகேந்திர நாத்தின் கணக்கு விரைந்து சென்று ஒவ்வொரு கிளையின் ஒளியளவையும் பெஸல் சார்புகளாக எழுதியது. வட்டத் தோலின் அதிர்வைக் கணக்கிடும்போது வருவனவும் அதே பெஸல் சார்புகளே. இராமன்-நாத் கோட்பாடு இன்றும் லேசர்க் கருவிகளில் பயன்படுகிறது.

இனி எழுதப்போவது பாடநூல்களில் பெரும்பாலும் விடப்படும் பகுதி. பெரியோர் குறையை மாணவர்முன் வைத்தல் தகுமா எனத் தயங்கினோம். பின்னர், இதனை மறைத்தால் முன்னர் எழுதியதும் புகழ்ச்சியாகவே முடியும் என்று தெளிந்தோம்.

நாஜிகளால் பதவியிழந்த மாக்ஸ் போர்ன் என்னும் ஜெர்மானியப் பேரறிஞரை 1935இல் பெங்களூருக்கு அழைத்தவர் இராமனே. அவரை நிலையாக அமர்த்த முயன்றார். உள்எதிர்ப்பால் அது கைகூடவில்லை. போர்ன் 1936இல் திரும்பிச் சென்றார். இராமனும் 1937இல் இயக்குநர் பதவியை விட்டுப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். படிகத்தின் அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பதற்குப் போர்ன் 1912இலேயே கணிதம் வகுத்திருந்தார். அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலால் அவற்றின் அதிர்வு அலைகளாகப் பரவும். அவ்வலைகளின் அதிர்வெண்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து அமையும் என்பது அவர் முடிவு.

இராமன் வைரத்தின்பால் பெருங்காதல் கொண்டவர். 1940களில் ஆர். எஸ். கிருஷ்ணன் என்னும் அவர் மாணவர் வைரத்தின் மங்கலான இரண்டாம்படி நிறமாலையைப் பதிவு செய்தார். அதிலே கூரிய கோடுகள் தெரிந்தன. தொடர்ச்சியான அதிர்வெண்கள் எனில் கூரிய கோடு எப்படி வரும்? கண் முன்னே கோடு நிற்கையில் கணக்குத் தவறு என்று இராமன் முடிவு கட்டினார். எண்ணி முடிக்கத்தக்க சில அதிர்வெண்களே படிகத்துக்கு உண்டு எனத் தனிக் கோட்பாடு ஒன்றை எழுப்பினார். இருதரப்பிலும் சொற்கள் சூடேறின. 1947ஐ ஒட்டி போர்னின் மாணவி ஹெலன் ஸ்மித், போர்னின் கணிதத்தைக் கொண்டே வைர நிறமாலையை விளக்கிக் காட்டினார். 1953இல் வான் ஹோவ் என்பார் தொடர்ச்சியான அதிர்வெண்களிடையேயும் கூரிய முகடுகள் தோன்றியே தீரும் என்று நிறுவினார். நம்மூர்க் காட்சி ஒன்றால் இதனை விளக்கலாம். பழனிச் சாலையில் வண்டிகள் இடைவெளியின்றிச் செல்கின்றன. ஆயினும் கொய்யாச் சந்தையின்முன் அவை மெதுவாவதால் அங்கே மட்டும் நெரிசல். அலைகள் மெதுவாகும் அதிர்வெண்ணிலும் இத்தகைய நெரிசலே கோடாகத் தெரிகிறது. பின்னர் நியூட்ரான் சிதறல் சோதனைகள் படிகங்களின் அதிர்வை நேரே அளந்தபோது போர்னின் கணிதமே வென்றது.

இராமன் கண்ட கோடுகள் மெய். அவற்றுக்கு அவர் தந்த பொருள் பிழை. மிருதங்கத்தின்முன் கணிதத்தின் எடுகோளைத் தேடித் திருத்திய அதே மனிதர், வைரத்தின்முன் கணிதத்தை இறுதிவரை நடத்திப் பார்க்கும் பொறுமையை இழந்தார். கிருஷ்ணனோ நாகேந்திர நாத்தோ அப்போது அவரருகே இல்லை. இறுதிவரை அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. 1954இல் இராமனுக்குப் பாரத ரத்னாவும், போர்னுக்கு நோபல் பரிசும் கிட்டின.

எதிர்மறைச் சான்று அவர் குடும்பத்திலேயே இருந்தது. 1930இல் தமையனார் மகன் சந்திரசேகர் கப்பலில் இங்கிலாந்து சென்றார். சிற்றப்பா கப்பலில் பட்டகத்தோடு நின்றார் எனின், இவர் கடலைப் பாராமல் தாளும் எழுதுகோலுமாய் அமர்ந்திருந்தார். விண்மீன் ஒன்று எரிந்தடங்கிய பின் கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுடையதாயின் வெண்குறுமீனாக நிலைபெறாது என்ற முடிவுக்கு அக்கணக்கு வழிகோலியது. 1935 ஜனவரியில் இலண்டன் அவையில் எடிங்டன் இதனை எள்ளி நகையாடினார். விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளாது என்று அவர் உள்ளுணர்வு சொன்னது. எடிங்டனின் உள்ளுணர்வு தோற்றது. சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒளியைப் பற்றிய இவ்வழக்கு பழமையானது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் 1040ஐ ஒட்டி மறைந்த இப்னுல் ஹைத்தம், பார்வை பற்றித் தம் பெருநூலில் எழுதும்போது, இருட்டறையில் விளக்குகளை வைத்துச் சோதித்ததையும் வடிவியலால் வரைந்து காட்டியதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அமைத்தார். முன்னோர் நூலைப் படிப்பவன் அந்நூலையும் தன்னையும் ஒருசேர ஐயுற வேண்டும் என்பது அவர் கொள்கை. ராலேயை ஐயுறும் துணிவு இராமனிடம் நிரம்ப இருந்தது. தன்னையே ஐயுறும் இரண்டாம் பகுதி வைரத்தின்முன் வாய்க்கவில்லை.

1948இல் தாமே நிறுவிய ஆய்வுக்கழகத்தில் முதுமையைக் கழித்தார். அங்கே பூஞ்செடிகள் வளர்த்தார். மலர்களின் நிறத்தையும் கண் நிறத்தை உணரும் வகையையும் ஆராய்ந்தார். சிறு நிறமாலைமானி வழியே இதழ்களை ஒவ்வொன்றாக நோக்கிக் குறித்தார். அக்காலத்தில் அறிஞர் சிலர் அவ்வாய்வுகளைப் பொருட்படுத்தவில்லை. 1970ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காந்தி நினைவுச் சொற்பொழிவைத் தம் கழகத்தில் வழக்கம்போல் ஆற்றினார். நவம்பர் 21ஆம் நாள் விடியலில் மறைந்தார். அவர் விருப்பப்படி கழகத் தோட்டத்திலேயே எரியூட்டினர். நினைவுச்சின்னம் எதுவும் எழுப்பப்படவில்லை. அவ்விடத்தில் ஒரு மரம் நட்டனர்.